ஒட்டுத் தெரியாத படம்

கன்னத்தில் ஒரு பரு. அதற்குப் பக்கத்திலேயே மாசு மருவில்லாத தோல் இருக்கிறது. அதைக் குளோன் ஸ்டாம்ப் கருவியால் நகலெடுத்துப் பருவின் மேல் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் படத் திருத்தம் புதிதாகப் பழகுகிறவர்கள் நினைப்பார்கள். பரு மறைந்துவிடும், அதே இடத்தில் ஒரு திட்டு முளைத்துவிடும். நகலெடுத்ததும் அதே முகத்தின் தோல்தான். பிறகு ஏன் ஒட்டுப்போட்டது போலத் தெரிகிறது?

எண்களைப் பார்த்தால் புரியும். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு பிக்சலின், அதாவது படத்தை ஆக்கும் சின்னஞ்சிறு கட்டத்தின், நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பருவைச் சுற்றியுள்ள தோலில் சிவப்பு 182 என்று வைத்துக்கொள்வோம். நகலெடுத்த இடம் விளக்குக்குச் சற்று அருகில் இருப்பதால் அங்கே 190. எட்டே எட்டுப் புள்ளி வித்தியாசம். இரண்டையும் தனித்தனியாகக் காட்டினால் எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒட்டி வைத்து, நடுவில் கூர்மையான விளிம்பும் விழுந்துவிட்டால் கண் உடனே பிடித்துவிடும். அதே முகத்தில் நெற்றி 220, தாடைக்குக் கீழே 120 என்று நூறு புள்ளி இறங்கியிருக்கலாம். அது மெல்ல மெல்ல இறங்குவதால் முகம் முழுக்க ஒரே நிறம் என்று அதே கண் சாதிக்கும்.

நம் கண் அளவுகோல் இல்லை. அது அக்கம்பக்கத்தை ஒப்பிட்டுத்தான் எதையும் பார்க்கிறது. எம்ஐடி பேராசிரியர் எட்வர்ட் ஆடெல்சன் 1995இல் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். பலகையின் மேல் ஓர் உருளையின் நிழல் விழுந்திருக்கும். நிழலுக்குள் இருக்கும் ஒரு ‘வெள்ளை’க் கட்டமும் வெளியே இருக்கும் ஒரு ‘கறுப்பு’க் கட்டமும் துல்லியமாக ஒரே சாம்பல் நிறம். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தாலும் கண் ஒப்புக்கொள்ளாது. படத் திருத்த மென்பொருளில் இருக்கும் கெட்டிக்காரத்தனமான கருவிகளில் பெரும்பாலானவை இந்த ஒரே பலவீனத்தின் மேல்தான் நிற்கின்றன. கறை நீக்குவது, இரண்டு படங்களைக் கலப்பது, நிறம் மாற்றுவது ஆகிய மூன்றும் மெனுவில் வேறு வேறு இடத்தில் இருந்தாலும், எந்த வேறுபாட்டைக் கண் கவனிக்கும், எதைக் கவனிக்காமல் விட்டுவிடும் என்ற கணக்குத்தான் மூன்றுக்கும் அடியில் ஓடுகிறது.

பரு விஷயத்தில் திருப்பம் 2002இல் வந்தது. அடோபி நிறுவனம் போட்டோஷாப் 7.0 பதிப்பில் ஹீலிங் பிரஷ் என்ற கருவியைச் சேர்த்தது. மறு ஆண்டே பாட்ரிக் பெரெஸ், மிஷெல் காங்னே, ஆண்ட்ரூ பிளேக் ஆகிய மூவர் இதே வகைச் சிக்கலுக்குத் தெளிவான கணித வடிவம் ஒன்றை வெளியிட்டார்கள். யோசனை எளிமையானது. பிக்சல்களின் மதிப்பை நகலெடுக்காதே; ஒரு பிக்சலுக்கும் அதன் பக்கத்துப் பிக்சலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் நகலெடு. ஒட்டும் இடத்தின் எல்லையில் ஏற்கெனவே என்ன மதிப்பு இருக்கிறதோ அதை அப்படியே விட்டுவிடு. எல்லையில் 182, உள்ளே நகலெடுத்த தோலின் ஏற்ற இறக்கங்கள். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி உள்ளே உள்ள எண்களைக் கண்டுபிடி. மின்புலத்தையும் வெப்பப் பரவலையும் கணக்கிட இயற்பியலாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தி வந்த பாய்சான் சமன்பாடுதான் இங்கே முகப்பருவுக்கு வேலை செய்தது. தோலின் நுண்துளையும் ரோமமும் ஓரிடத்திலிருந்து வரும். வெளிச்சமும் நிறமும் போய்ச் சேர்ந்த இடத்துடையதாக இருக்கும். விளிம்பு இருக்காது. விளிம்பு இல்லையென்றால் கண்ணுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

இந்தக் கருவி எங்கே சறுக்கும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். எல்லையில் உள்ள மதிப்பை நம்பித்தான் அது கணக்கைத் தொடங்குகிறது. தலைமுடி தொடங்கும் இடத்திலோ உதட்டோரத்திலோ சட்டைக் காலர் ஓரத்திலோ பிரஷை வைத்தால் எல்லையின் ஒரு பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் தோலாகவும் இருக்கும். கறுப்பு உள்ளே கசிந்து அழுக்குப் பூசியது போலாகிவிடும். அனுபவப்பட்டவர்கள் அந்த மாதிரி ஓரங்களுக்குப் பழைய குளோன் ஸ்டாம்பையே எடுப்பதற்குக் காரணம் இதுதான். கிம்ப் மென்பொருளின் ஹீல் கருவியிலும் இதே கசிவைப் பார்க்கலாம்.

நுண்மையையும் வெளிச்சத்தையும் பிரித்து வைக்கும் இதே எண்ணத்தைக் கையாலேயே செய்யும் முறை ஒன்றும் உண்டு. ஃப்ரீக்வென்சி செபரேஷன் என்பார்கள். படத்தை இரண்டு லேயராக, அதாவது ஒன்றன்மேல் ஒன்றான இரண்டு அடுக்குகளாக, பிரதி எடுத்து, கீழே உள்ளதை நன்றாக மங்கலாக்கிவிடுவார்கள். அதில் நிறமும் நிழலும் மட்டும் மிஞ்சும். அசலிலிருந்து அந்த மங்கலைக் கழித்தால் கிடைப்பது மேல் லேயர். அதில் துளை, சுருக்கம், ரோமம் மட்டும். கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தைக் கீழ் லேயரில் சரிசெய்தால் தோலின் நுண்மை தொடப்படாமல் தப்பிக்கும். நல்ல முறைதான். ஆனால் எதை மங்கலாக்குவது, எவ்வளவு மங்கலாக்குவது என்ற நிதானம் இல்லாதவர்கள் கையில் இது கிடைத்ததால்தான் மெழுகுப் பொம்மை முகங்கள் எங்கும் பெருகின. மூக்கின் பக்கவாட்டு நிழலும் கன்னத்தின் மேடும் பள்ளமும் கீழ் லேயரில்தான் இருக்கின்றன. அதைத் தேய்த்துச் சமமாக்கினால் மேலே நுண்துளைகள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முகம் தட்டையாகிவிடும். முகத்தின் வடிவம் தெரிவதே நிழலால்தான்.

இரண்டு படங்களை ஒன்றாக்கும் ஆசை கணினிக்கு மிக முந்தையது. 1850களின் கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி எதிர்வினை காட்டின. கடலுக்குச் சரியாக வெளிச்சம் கொடுத்தால் வானம் வெளிறிப்போய்விடும். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே தம் கடற்காட்சிகள் சிலவற்றில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு வேறொரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். ஒட்டைத் தொடுவானத்தில் வைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். அங்கே எப்படியும் ஒரு கோடு இருக்கத்தான் செய்யும், கண் சந்தேகப்படாது. 1857இல் ஆஸ்கர் ரைலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே பெரிய படத்தை உருவாக்கினார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஒரு மரணப் படுக்கைக் காட்சியை அமைத்தார். இவ்வளவு வேதனையான காட்சியைப் படமாக்குவதா என்று பார்த்தவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். போட்டோஷாப்பைத் திட்டுகிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

கணினிக்குள் கலத்தல் என்பது ஒரு சின்னப் பெருக்கல். மேல் லேயரின் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு மறைக்கும் என்பதைச் சொல்ல ஆல்ஃபா என்ற நான்காவது எண் உண்டு. 1970களின் பிற்பகுதியில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் உருவாக்கிய கருத்து அது. 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் அதற்கு முழு இலக்கணம் எழுதினார்கள். மேலே 200, கீழே 100, ஆல்ஃபா கால் பங்கு என்றால் 200இல் கால் பங்கும் 100இல் முக்கால் பங்கும் சேர்ந்து 125. லேயர் மாஸ்க் என்று நாம் கறுப்பு வெள்ளையில் தீட்டுவது இந்த எண்ணைத்தான். வெள்ளை தீட்டிய இடம் தெரியும், கறுப்பு தீட்டிய இடம் மறையும், சாம்பல் பாதி பாதி. போட்டோஷாப் 1990இல் வெளிவந்தபோது அதில் லேயர்களே இல்லை, 1994இல் 3.0 பதிப்பில்தான் அவை வந்தன. அதுவரை ஒன்றின் மேல் ஒன்றை ஒட்டினால் ஒட்டியதுதான், பிரிக்க வழியில்லை.

கணக்கு எளிது என்று சொன்னேன், ஆனால் அதில் ஒரு பழைய கோளாறு இருக்கிறது. கறுப்பையும் வெள்ளையையும் பாதிப் பாதி கலந்தால் மென்பொருள் 128 என்று சொல்லும். கோப்பில் உள்ள எண்கள் உண்மையான ஒளியின் அளவை நேராகச் சொல்வதில்லை; இருண்ட பகுதிகளுக்கு அதிக எண்களை ஒதுக்கும்படி அவை வளைத்து எழுதப்பட்டவை. பெரும்பாலான படங்களும் திரைகளும் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி முறையில் 128 என்பது முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய 22 சதவீதம்தான். உண்மையில் பாதி ஒளி வேண்டுமென்றால் எண் 188ஆக இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் மெல்லக் கலக்கும்போது நடுவில் அழுக்குப் பழுப்புப் பட்டை ஒன்று ஓடுவதும், வெட்டி ஒட்டிய உருவத்தைச் சுற்றிக் கருந்தீற்றல் தெரிவதும் பல நேரம் இதனால்தான். போட்டோஷாப்பின் நிற அமைப்புகளில் இந்த வளைவின் அளவான காமாவை 1.0 என்று, அதாவது வளைவே இல்லாமல், வைத்துக் கலக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. 2018இல் வந்த கிம்ப் 2.10 நேரியல் ஒளியில், அதாவது வளைக்காத எண்களில், கணக்கிடத் தொடங்கியது. அந்தத் தேர்வை யாரும் தேடிப் போவதில்லை. கருந்தீற்றலைக் கையால் அழித்துக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள்.

மேல் லேயரின் எண்ணும் கீழ் லேயரின் எண்ணும் எந்தக் கணக்கில் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் பிளெண்ட் மோட் பட்டியல் நீளமானது. அத்தனையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு புரிந்தால் மற்றவை தாமாகவே புரியும். மல்டிபிளை இரண்டு எண்களையும் பெருக்கி 255ஆல் வகுக்கும்: 128ஐ 128ஆல் பெருக்கினால் 64 வரும். எப்போதும் இருட்டும். வெள்ளையோடு பெருக்கினால் எதுவும் மாறாது. அதனால் வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தை வெட்டாமலேயே இன்னொரு படத்தின் மேல் மல்டிபிளையில் வைக்கலாம், தாள் காணாமல் போய்விடும். ஸ்கிரீன் இதற்கு நேர் எதிர். கறுப்பை விழுங்கும், எப்போதும் வெளுக்கும். இரவு வானத்தில் எடுத்த மின்னலையோ வாணவேடிக்கையையோ சேர்க்க அது போதும். ஓவர்லே என்பது இருண்ட இடத்தில் மல்டிபிளையும் வெளுத்த இடத்தில் ஸ்கிரீனும். நிழலை மட்டும் எப்போதும் மல்டிபிளையில்தான் வைக்க வேண்டும் என்பேன். சாதாரணக் கலவையில் சாம்பல் நிறத்தைப் பூசினால் தரையின் நிறம் செத்துப்போய்ப் புகை படிந்தது போலிருக்கும்.

ஓரத்தை எவ்வளவு மென்மையாக்குவது என்ற கேள்விக்கு வருவோம். ஓரத்தை மென்மையாக்கும் அளவான ஃபெதரைக் குறைத்தால் கத்தரித்தது தெரியும், கூட்டினால் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று ஆவி போலத் தெரியும். இடைப்பட்ட எண் ஒன்று எல்லாப் படத்துக்கும் பொருந்தும் என்று தேடுவது வீண். 1983இல் பீட்டர் பர்ட்டும் மேலே சொன்ன ஆடெல்சனும் அப்படி ஒரு எண்ணே கிடையாது என்பதைத் தொடக்கமாக வைத்து வழி கண்டார்கள். படத்தைப் பரும்படியான வெளிச்ச மாற்றங்கள், நடுத்தரமானவை, மிக நுண்ணியவை என்று அடுக்கடுக்காகப் பிரித்தார்கள். பரும்படியானவற்றை அகலமான பட்டையில் கலந்தார்கள். நுண்ணியவற்றை மிகக் குறுகிய பட்டையில் கலந்தார்கள். பிறகு எல்லாவற்றையும் கூட்டினார்கள். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு பாதி ஆப்பிள் பாதி ஆரஞ்சாக ஒரு பழம். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாது. பல படங்களைச் சேர்த்து அகலக் காட்சி உருவாக்கும் மென்பொருள்கள் இன்றைக்கும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. மாஸ்க்கைக் கையால் தீட்டும்போதும் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். வானத்தை அகலமான மென்மையான பிரஷால் கலக்கலாம், தலைமுடியை அப்படிக் கலக்க முடியாது.

ஓரம் சரியாக அமைந்தும் கலவை பொய்யாகத் தெரிந்தால் வேறு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, இரைச்சல்: குறைந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் இருக்கும், வெயிலில் எடுத்ததில் இருக்காது, இரண்டையும் சேர்த்தால் ஒருவர் மட்டும் வழுவழுவென்று நிற்பார். இன்னொன்று, கூர்மை: பின்னணி மங்கலாக இருக்க, அதே தூரத்தில் ஒட்டப்பட்டவர் மட்டும் கண்ணாடி போலத் துலங்கினால் ஆயிற்று. கடைசியாக ஒளி வரும் திசை. மூக்கின் நிழலும் கண்மணியில் மின்னும் வெண்புள்ளியும் விளக்கு எங்கே இருந்தது என்று காட்டிக்கொடுக்கும். மேலே பார்த்த கலவைக் கணக்குகள் எதற்கும் விளக்கு என்று ஒன்று இருப்பதே தெரியாது; அவற்றுக்குத் தெரிந்தது பக்கத்துப் பிக்சல் மட்டுமே.

இனி நிறம். சிவப்புக் காரை நீலக் காராக்க நிறச்சாயலை மாற்றும் ஹியூ ஸ்லைடரை இழுத்தால் போதும், ஓரளவு நம்பும்படி வந்துவிடும். சிவப்பை மஞ்சளாக்கப் பாருங்கள், தோற்றுவிடும். அந்த ஸ்லைடர் நம்பியிருக்கும் கணக்கில் முழுச் சிவப்பு, முழு மஞ்சள், முழு நீலம் மூன்றும் ஒரே பிரகாசம். நம் கண்ணுக்கு அப்படி இல்லை. திரையில் முழு வெள்ளையின் வெளிச்சத்தை நூறாகக் கொண்டால் பச்சை மட்டுமே அதில் ஏறக்குறைய 72, சிவப்பு 21, நீலம் 7. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, எனவே 93. ஆக 21இல் இருக்கும் காரை 93க்குக் கொண்டுபோகிறோம், ஆனால் அதன் நிழலும் பளபளப்பும் 21க்கு ஏற்றபடியே இருக்கின்றன. வெளிச்சத்தைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் வைத்திருக்கும் லேப் போன்ற முறையில் வேலை செய்தாலோ, கலர் என்ற பிளெண்ட் மோடில் நிறத்தைப் பூசிவிட்டு வெளிச்சத்தை, இருட்டையும் பிரகாசத்தையும் ஒரு வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் கருவி கொண்டு தனியே உயர்த்தினாலோ இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

வெள்ளைச் சட்டையைக் கறுப்பாக்குவது எல்லாவற்றையும்விடக் கடினம். வெள்ளைக்கும் சாம்பலுக்கும் கறுப்புக்கும் நிறச்சாயலே கிடையாது, ஹியூ ஸ்லைடரை எந்தப் பக்கம் இழுத்தாலும் சட்டை அசையாது. வெளிச்சத்தைக் குறைத்தால் சட்டை சாம்பலாகும், அழுக்காகத் தெரியும், கறுப்பாகாது. வெள்ளைத் துணியின் மடிப்பு தெரிவது துணி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால். கறுப்புத் துணியின் மடிப்பு தெரிவது இழையின் மேற்பரப்பில் விழும் சிறு பளபளப்பால். மடிப்பின் உச்சியை மட்டும் வெளிச்சமாக விட்டு மற்றதை ஆழமாக அழுத்துகிற மாதிரி கர்வ்ஸை வளைத்தால் நம்பும்படி வரும். அதற்கும் மேல் ஒன்று உண்டு, பலர் மறந்துவிடுவது. உடையின் நிறம் உடையோடு நிற்பதில்லை. சிவப்பு உடை அணிந்தவரின் தாடைக்குக் கீழே மெல்லிய செம்மை படர்ந்திருக்கும். உடையை நீலமாக்கிவிட்டு அந்தச் செம்மையை விட்டுவிட்டால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ உறுத்துகிறது என்பார்.

நிறத்தை எல்லைக்குள் துல்லியமாகப் பூச வேண்டுமா? வெளிச்சத்தின் அளவுக்குத் தேவையில்லை. நிறத்தின் விளிம்பைக் கண் கூர்மையாகப் பார்ப்பதில்லை. ஜேபெக் கோப்பு சிறியதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: பெரும்பாலும் நான்கு பிக்சல்களுக்கு ஒரே ஒரு நிறத் தகவலைத்தான் அது சேமிக்கிறது, வெளிச்சத்தை மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. சும்மா பார்க்கும்போது அது தெரியாது. நிறத்தைப் பலமாக மாற்றும்போது விளிம்புகளில் சதுரம் சதுரமாகக் கசிவு வெளிப்படும். வானத்தின் நிறத்தை இழுக்கும்போது படிக்கட்டு போலப் பட்டைகள் தோன்றுவதற்கும் கோப்புதான் காரணம். 256 படிகளை இழுத்து விரித்தால் நடுவில் இடைவெளி விழத்தானே செய்யும். கேமராவின் உணரி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் 14 பிட் என்றால் 16,384 படிகள். பெரிய நிறமாற்றம் செய்யப்போகிறோம் என்று தெரிந்தால் அதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் கொடுப்பது இவற்றிலிருந்து முற்றிலும் வேறு சங்கதி. 2004இல் அனத் லெவினும் அவருடைய சகாக்களும் ஒரு முறையைக் காட்டினார்கள்: படத்தின் மேல் அங்கங்கே சில நிறக் கோடுகளைக் கிறுக்கினால் போதும், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் வெளிச்சம் ஒத்திருந்தால் நிறமும் ஒத்திருக்கும் என்ற அனுமானத்தில் கணினி மீதியைப் பரப்பிக்கொள்ளும். 2016இல் ரிச்சர்ட் ஜாங், ஃபிலிப் இசோலா, அலெக்சி எஃப்ரோஸ் மூவரும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்ணப் படங்களைக் காட்டிப் பழக்கிய நரம்பு வலை என்ற கற்கும் நிரலிடம் அந்தக் கோடுகளையும் தானே ஊகிக்கும்படி விட்டார்கள். இன்று கைப்பேசிச் செயலிகளே இதைச் செய்கின்றன, பழைய குடும்பப் படங்கள் நொடியில் வண்ணமாகின்றன.

அந்த நிறம் மீட்கப்பட்டது அல்ல. (200, 50, 50) என்ற சிவப்பையும் (50, 120, 85) என்ற பச்சையையும் வழக்கமான சூத்திரத்தில் கறுப்பு வெள்ளையாக்கினால் இரண்டும் 95 என்ற ஒரே சாம்பலாகும். அந்த 95ஐப் பார்த்து அசல் எதுவென்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. புல் பச்சை, வானம் நீலம் என்பது வரை ஊகம் பலிக்கும். புடவையும் சட்டையும் எந்த நிறம் என்பது வெறும் குருட்டு யோகம். இன்னும் பழைய படங்களில் அந்தச் சாம்பலையே நம்ப முடியாது. ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பை உணராது, எனவே சிவந்த உதடு கறுப்பாகவும் நீலக் கண் வெளிறியும் விழுந்திருக்கும். அதன் மேல் நிறம் பூசுகிற செயலி அந்தக் கறுப்பையும் சேர்த்தே நம்புகிறது. பாட்டியின் படம் வண்ணத்தில் வந்து வீடே மகிழ்ந்தால் அதில் தவறில்லை. அதை ஆவணம் என்று காப்பகத்தில் சேர்ப்பதுதான் ஆபத்து.

இதே வேறுபாடு பொருள்களை நீக்கும் கருவிகளிலும் இருக்கிறது. 2010இல் போட்டோஷாப் சிஎஸ்5 கொண்டுவந்த கன்டென்ட் அவேர் ஃபில், நீக்கிய இடத்தை அதே படத்தின் வேறு பகுதிகளைத் துண்டு துண்டாக எடுத்து நிரப்பியது. அதனால் புல்தரையில் ஒரே செடி மூன்று இடத்தில் முளைக்கும், உற்றுப் பார்த்தால் பிடித்துவிடலாம். 2023இல் வந்த ஜெனரேடிவ் ஃபில் அந்தப் படத்தில் இல்லாத ஒன்றையே வேறு படங்களிலிருந்து கற்றதை வைத்து வரைகிறது. கண்ணுக்கு ஒட்டு தெரியாது என்பதோடு, ஒட்டு என்று சொல்வதற்கே அங்கே எதுவும் இல்லை.

எது மோசடி என்ற கேள்விக்கு, எவ்வளவு மாற்றினார்கள் என்பதை அளந்து விடை சொல்ல முடியாது. நேஷனல் ஜியாகிரபிக் 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக கீசா பிரமிடுகளை நெருக்கி வைத்தது. அகலவாட்டுப் படத்தை நீளவாட்டு அட்டையில் பொருத்தவே அதைச் செய்தார்கள், ஆனாலும் பெரிய சர்ச்சையானது. 1994 ஜூனில் டைம் இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட முன்னாள் விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்ப்சனின் காவல்துறைப் படத்தைக் கறுப்பாக்கி அட்டையில் போட்டது. அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தைத் திருத்தாமல் வெளியிட்டதால் இரண்டும் கடைகளில் அருகருகே தொங்கின. அந்த அட்டையில் யாரையும் நீக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து இருட்டாக்கியதே ஒரு கறுப்பின மனிதரைக் குற்றவாளியாகக் காட்டப் போதுமானதாக இருந்தது என்று விமர்சகர்கள் சொன்னார்கள். பக்கத்தில் ஒப்பிட இன்னொரு அட்டை இல்லாமல் போயிருந்தால் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

சட்டங்கள் இந்தச் சிக்கலை உடலின் பக்கமிருந்து அணுகியிருக்கின்றன. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், விளம்பரப் படத்தில் மாடலின் உடலை ஒல்லியாக்கியிருந்தாலோ பருமனாக்கியிருந்தாலோ ‘திருத்தப்பட்ட படம்’ என்று குறிப்பிட வேண்டும். பருவை நீக்குவதும் தலைமுடியின் நிறத்தை மாற்றுவதும் அதில் அடங்காது. நார்வே 2022 ஜூலையில் நடைமுறைப்படுத்திய விதி தோலையும் சேர்த்துக்கொண்டது: விளம்பரத்தில் வருபவரின் உடல் வடிவமோ அளவோ தோலோ மாற்றப்பட்டிருந்தால் முத்திரை கட்டாயம்.